கழற்றியவர் கையொப்பம்

இரண்டு கையிலும் எண்ணெய்க் கறை இருக்கும்போது வீடியோவை அவர் மூக்கு நுனியால்தான் நிறுத்துவார். காரின் பானெட்டுக்கு அடியில் சாய்த்து வைத்த கைபேசியை நோக்கிக் குனிந்து, "இருப்பா, இருப்பா, ஓடாத. உனக்கென்ன, அங்க எல்லாம் ஏற்கெனவே கழண்டுதான் இருக்கு" என்று திரையில் பேசுகிறவனைக் கடிந்துகொண்டு மூக்கால் ஒரு தட்டு தட்டுவார். அவன் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பான். இவரும் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். இருவரில் யார் மெக்கானிக் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். மூக்கில் கறுப்பு இருப்பவர் மெக்கானிக் இல்லை, அவ்வளவுதான்.

வாரத்தில் ஐந்து நாள் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் ஆவண அறைப் பொறுப்பாளர். அங்கே அவர் கையொப்பம் இல்லாமல் ஒரு கோப்பும் அலமாரியை விட்டு நகராது. மீதி இரண்டு நாள் வீட்டில் எதையாவது பழுதுபார்ப்பார். சுவர்க் கடிகாரம், தையல் மெஷின், குளியலறைக் கதவு எல்லாம் அவர் கைபட்டவை. கடிகாரம் இப்போதும் சரியாக ஓடுகிறது, படுக்க வைத்தால்.

மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. கடிகாரத்தை மேஜையில் படுக்க வைத்தே மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் இந்த முறை அவர் கை வைத்திருப்பது அவளுடைய காரில்.

அவள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. மூன்று வாரமாக வண்டியைத் திருப்பும்போதெல்லாம் எஞ்சினுக்குள் யாரோ பல்வலியில் முனகுவதுபோல் ஒரு சத்தம். ஸ்டீயரிங் இறுகி, ஒவ்வொரு திருப்பத்திலும் யாருடனோ கைச்சண்டை போடுவதுபோல் இருந்தது. பவர் ஸ்டீயரிங் பம்பு போய்விட்டது. அவளுடைய வலது தோளும் கூடவே போய்க்கொண்டிருந்தது. "ஒரு வகையில எக்சர்சைஸ்தானே" என்றார் அவர். போன வாரம் இரண்டு நாள் தாமதமாகிவிட, மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமையும் லேட்னா உங்க ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க." ஆறு வருஷமாக அவள் காரின் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து வைக்கிற பதினோரு வீடுகள் அவை.

இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி கார் பட்டறை வைத்திருக்கிறான். அதுதான் சிக்கலே.

"தம்பிகிட்ட விட்டா அரை நாள்ல முடிச்சுக் குடுத்துடுவான்."

"ஏன், எனக்குக் கை இல்லயா?"

"இருக்கு. அதான் பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் சமையலறைக் குழாயை அவர் பழுதுபார்த்தபோது வீடு முழுக்கத் தண்ணீர். தம்பி வந்தான், வாசலிலிருந்த வால்வை ஒரு திருகு திருகினான், "மாமா, மொதல்ல தண்ணிய நிறுத்தணும்" என்றான், போய்விட்டான். அந்த நாலு வார்த்தையை அவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். இதற்குமேல் அவன் இந்த வீட்டில் ஒரு திருகாணியைத் தொடக் கூடாது.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. வேலை என்றால் முதலில் பட்டியல். ஒரு முழுத்தாளில் நான்கு கட்டம் போட்டார்: எண், பொருள், இருந்த இடம், கழற்றியவர் கையொப்பம். கழற்றப்போவது அவர் ஒருவர்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. பெல்ட்டைக் கழற்றினார், கையைத் துடைத்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தார். ஒரு போல்ட், கைதுடைப்பு, கையெழுத்து, இரண்டு கோடு. முட்டை அட்டையின் குழிகளில் எண் ஒட்டி ஒவ்வொன்றையும் உட்காரவைத்தார். பம்புக்கு எண்ணெய் தரும் சின்னத் தொட்டியிலிருந்த பழைய எண்ணெயை உறிஞ்ச அவளுடைய பையிலிருந்து பெரிய சிரிஞ்சு காணாமல் போனது.

"அது பேஷன்ட்டுக்கு வெச்சிருந்ததுங்க."

"இதுவும் பேஷன்ட்தான்."

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றியதும், திறந்திருக்கும் வாயை உடனே மூடவேண்டும், ஒரு தூசி போனாலும் போச்சு என்று திரைக்காரன் எச்சரித்தான். இந்த மாதிரி எச்சரிக்கைகள் அவருக்கு அமுதம். அவளுடைய பழைய நீலச் சீருடையில் ஒரு துண்டு கிழித்துக் குழாயில் அடைத்தார். நுனி வெளியே தெரிவது ஒழுங்கீனமாகப் பட்டதால் விரலால் உள்ளே தள்ளிவிட்டார்.

மாலைக்குள் பம்பு வெளியே வந்தது. புதுப் பம்பு பெட்டியிலிருந்து வந்தது, பெல்ட் ஓடும் கப்பி மட்டும் வரவில்லை. பழையதிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு புல்லர் என்றொரு கருவி வேண்டும். அது தம்பியின் பட்டறையில்தான் இருக்கிறது.

"யாரோ ஃப்ரெண்டு கேக்கறாருன்னு சொல்லி வாங்கிட்டு வா."

அவள் போனாள். சொன்னாள். தம்பி புல்லரை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். "அந்த ஃப்ரெண்டுக்கு மூக்கெல்லாம் கறுப்பா இருக்குமே, அவருதான?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புல்லரைத் திரும்ப வாங்குகிற சாக்கில் அவன் வந்துவிட்டான். அவர் பானெட்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"வா மச்சான். அங்கயே நில்லு."

"கையப் பின்னாடி கட்டிக்கிட்டுதான் மாமா நிக்கறேன். கண்ணால பாக்கலாமா, அதுக்கும் லிஸ்ட்ல எழுதணுமா?"

"பாத்துக்க. பதினாலு அயிட்டம். பதினாலும் திரும்பப் போயாச்சு. உன் பட்டறையில இந்த மாதிரி ஒரு பேப்பர் இருக்கா?"

"எங்க மாமா, எங்களுக்கு வண்டி ரிப்பேர் பண்ணவே நேரம் பத்தல." அவன் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். "குழாயில இருக்கற காத்த எடுக்க மறந்துடாதீங்க. மொதல்ல எஞ்சின ஆஃப்ல வெச்சு..."

"தெரியும். தெரியும். மூணு தடவ பாத்துட்டேன்."

தம்பி போனதும் முன் சக்கரங்கள் தரையில் படாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கினார். தொட்டியில் புது எண்ணெய் ஊற்றினார், சிவப்பாக, கோடு வரைக்கும். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இருபது தடவை திருப்பினாள். தோள் தீப்பிடித்தது.

"பாத்தியா! ஒரு சொட்டு கொறயல. அவ்ளோ டைட்டா மாட்டியிருக்கேன். உன் தம்பி மாட்டினா இந்நேரம் தரையெல்லாம் எண்ணெய்."

ஒரு சொட்டும் குறையவில்லை என்பது அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஆனால் அதற்குள் அவர், "ம், ஸ்டார்ட் பண்ணு" என்றார். பண்ணினாள்.

புதுப் பம்பு போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பழைய பம்பு முனகியது, இது அலறியது. அவள் உடனே சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"ஏன் ஆஃப் பண்ண? காத்து! அது வெறும் காத்து! வீடியோலயும் சத்தம் வந்துச்சு."

"இப்படி வந்துச்சா?"

"அவன் மைக் சரியில்ல."

அவள் இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தாள். சிவப்பு எண்ணெய் கோட்டிலேயே, அசையாமல் நின்றது. இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், நோயாளிக்கு மேலே தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலில்.

"பாட்டில்ல எறங்கலன்னா டியூப்ல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்."

"இது என்ன ஆஸ்பத்திரியா?"

"பேஷன்ட்னு நீங்கதான சொன்னீங்க. அந்தக் குழாயக் கழட்டுங்க."

"மாட்டி டிக் பண்ணியாச்சு."

"கழட்டுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்ளும் கிழவர்களிடம் பேசுகிற குரல் அது. அவர் கிளிப்பைத் தளர்த்திக் குழாயின் முனையைப் பம்பிலிருந்து உருவினார். கொட்டியிருக்க வேண்டிய எண்ணெய் கொட்டவில்லை. அவள் பையிலிருந்து நீள இடுக்கியை எடுத்து, குழாய்க்குள் விட்டு, மெதுவாக இழுத்தாள். நீலமாக ஏதோ தலைகாட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பொத்தான் துளையோடு ஒரு துணித் துண்டு முழுசாக வந்தது. அதன் பின்னாலேயே ஒரு லிட்டர் எண்ணெயும் வந்து அவர் செருப்பை நிறைத்தது.

எதிர் வீட்டு ஜன்னல் இன்னும் அகலமாகத் திறந்தது.

"என் யூனிஃபார்ம்" என்றாள் அவள்.

அவர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பெல்ட், போல்ட், கிளிப், குழாய், பம்பு. பதினாலு. கழற்றிய ஒவ்வொன்றும் இருந்தது. உள்ளே வைத்ததற்குக் கட்டமே இல்லை. "நான் எழுதினதுல தப்பில்ல" என்றார் கடைசியில்.

மறுபடி அவர் குழாயை மாட்டி எண்ணெய் ஊற்ற, அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். தொட்டியில் குமிழி வந்தது, எண்ணெய் இறங்கியது, ஊற்றினார், இறங்கியது, நின்றது. எஞ்சினைப் போட்டபோது எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கியதும் அவள் ஸ்டீயரிங்கை ஒரே விரலால் இடது கோடிக்குக் கொண்டுபோனாள், திரும்ப வலது கோடிக்கு. தோள் சும்மாவே இருந்தது. நாளைக்குப் பதினோரு வீடு.

அப்போது தம்பி போன் செய்தான். அவர்தான் எடுத்தார், மூக்கால்.

"மாமா, ஓடுதா?"

"ஓடாம? சின்னதா ஒரு அடைப்பு இருந்துச்சு. கண்டுபிடிச்சு எடுத்தாச்சு."

இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, முழுத்தாளைப் பானெட்டின் மேல் விரித்து, பதினாலாவது வரிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டார். பதினைந்து. துணி, நீலம், ஒன்று. ரப்பர் குழாயின் உள்ளே. பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நான்காவது கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.