விடியல் அந்தியான கிள்ளான் மேடை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், சனிக்கிழமை காலை எட்டு மணி. ஸ்காட் ரோட்டுக் கடையில் ரொட்டி சானாய் ஐம்பது காசு, தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீர் நாற்பது காசு. எண்பதுகளின் நடுவில் அந்த விலைக்கு வயிறும் மனமும் நிறைந்தன என்று எழுத ஆசைதான். வயிறு மட்டும்தான் நிறைந்தது. மனத்தில் மெட்ராஸ் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

நான் மெட்ராசில் ஒரு வார இதழுக்குப் படம் போடுகிறவள். கூடவே சிறுகதை எழுதுவேன், நாடகக் குழு ஒன்றுக்கு உடை தைத்துக் கொடுப்பேன். தலைமை ஓவியர் வேலை தருகிறோம், ஆனால் படம் மட்டும்தான், மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள் என்றார் மேலாளர். இப்படி எல்லாவற்றிலும் கை வைத்தால் எதுவும் உருப்படாது என்று உபதேசம் வேறு. தங்கை வீட்டு விசேஷத்துக்கென்று கோலாலம்பூர் வந்திருந்தேன். திங்கட்கிழமை அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி கலாவதிக்கு என் வயதுதான் இருக்கும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறாள், பாட்டு வகுப்பு நடத்துகிறாள், நாடகம் எழுதி மேடையேற்றுகிறாள். கேட்டதுமே, நம்மைப் போல இன்னொரு உருப்படாத கேஸ் என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. அன்று மாலை கிள்ளானில் அவளுடைய நாடகம். "சும்மா தானே இருக்கீங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். கிளம்பிவிட்டேன்.

பகல் ஒரு மணி. கதாநாயகனே லோரி ஓட்டினான். மணியம் என்று பெயர். வார நாட்களில் செராசுக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் செங்கல் ஏற்றுகிறவன். கலா வரைந்த பெரிய திரைச்சீலையைச் சுருட்டிப் பின்னால் கட்டியிருந்தது. கிள்ளான் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் பிரம்மாண்டமான வளைவு ஒன்று சாலைக்குக் குறுக்கே எழுந்து நின்றது. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து மணியம் சிரித்தான்.

"வளைவுக்கே இப்படியாக்கா? நம்ம நடிப்ப பாத்தா மயங்கி விழுந்துடுவீங்க லா!"

மூன்று மணி. தெங்கு கிளானா சாலையில் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி, ஒரு பொது மண்டபம். திரைச்சீலையை விரித்துக் கட்டினார்கள். தோட்டத்து விடியல்: வெளிர் நீல வானம், அடியில் இளஞ்சிவப்பு, ரப்பர் மரங்கள். அவ்வளவு அழகு. விளக்குக்காரர் விசையைத் தட்டினார். நீலம் செத்துப்போயிற்று. வானம் சாம்பல் நிறமாக இருண்டது, சிவப்பு மட்டும் அடியில் கனன்றது.

"என்னா பாஸ், இப்படி ஆயிடுச்சு?" என்று மணியம் அலறினான்.

"மஞ்ச லைட்டு மட்டுந்தான் இருக்கு. வேற கலர் தாக் ஆடா, இல்ல லா" என்றார் விளக்குக்காரர்.

கலா தலையில் அடித்துக்கொண்டாள். "போர்டு எழுதி எழுதி பழகின புத்தி. கட போர்டு வெயில்ல நிக்குது, அதனால எதையும் வெளிச்சத்துல வெச்சே வரைஞ்சிடுறேன். இது வெளக்குக்கு முன்னால நிக்கணும்னு தோணவே இல்ல."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மறுபடி வரைந்தாலும் ஏழு மணிக்குள் சாயம் காயாது. நாடகம் தொடங்குவதோ விடியலில்: மனைவி பாடுகிறாள், கணவன் ரப்பர்ப் பால் வாளியோடு வேலைக்குப் புறப்படுகிறான். அந்த இருண்ட வானத்தின் கீழ் யார் விடியல் பாட்டுப் பாடுவது? ஆட்டத்தை நிறுத்திவிடுவாள் என்றே நினைத்தேன். எனக்குள் மேலாளர் வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

கலா மேடை நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கெட்டுப்போன வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முனகத் தொடங்கினாள். காலை ராகமான பூபாளத்தில் அமைத்திருந்த பாட்டு அவள் வாயிலேயே மாலை ராகமான வசந்தாவுக்கு மாறியது. "இது விடியல் இல்ல, அந்தி" என்றாள். "மணியம், நீ வேலைக்குப் போகல. வேல முடிஞ்சி வர்ற. அவ உனக்காகக் காத்திருந்து பாடுறா." அங்கேயே வசனத்தையும் மாற்றிச் சொன்னாள். போகிறவனை வழியனுப்பும் சாதாரணக் காட்சி, வருவானோ மாட்டானோ என்று நெஞ்சைப் பிசையும் காட்சியாகிவிட்டது. அவள் கண் கெடுத்ததை அவள் காது சரிசெய்தது. காது கேட்டதை அவள் பேனா பிடித்துக்கொண்டது. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் மணியத்தின் சட்டை என் கண்ணை உறுத்தியது. சலவை கலையாத வெள்ளை. நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிறவனுக்கு அது ஆகாது. நான் யாரையும் கேட்கவில்லை. கழற்றச் சொல்லி வாங்கினேன், லோரிச் சக்கரத்துச் சேற்றைத் தேய்த்தேன், ஆறின தேநீரைத் தெளித்தேன், பையைக் கிழித்துப் பாதி தொங்கவிட்டுத் தைத்தேன்.

"ஐயோ அக்கா, கல்யாணத்துக்குப் போட வாங்கினது லா!"

ஏழு மணிக்குத் திரை விலகியது. அந்தி வானத்தின் கீழ் அந்தச் சட்டையோடு மணியம் தள்ளாடி வந்ததும், முன்வரிசையில் ஒரு பெண் "வந்துட்டான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அரங்கமே மூச்சு விட்டது. ஓரத்தில் நின்ற நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

திரும்பும்போது, இத்தனையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் எதைச் செய்வாய் என்று கலாவைக் கேட்டேன். பலமாகக் கொட்டாவி விட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிருந்தா, இந்நேரம் லைட்டுக்காரர திட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

ஞாயிறு காலை. மணியம்தான் லோரியில் சுபாங் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டான். அதே சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தான். கறை போகவில்லை. "இருக்கட்டும்கா, இனிமே இது டிராமா சட்ட" என்றான். மெட்ராசில் எங்கள் நாடகக் குழு உடைகளைப் பெட்டியில் பூட்டி வைத்து, விழாவுக்குத்தான் எடுக்கும். இங்கே அது லோரி ஓட்டுகிறது. விமானத்தில் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் கிள்ளான் சேறு.

திங்கட்கிழமை மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கதையையும் தையலையும் விடுவதாக முடிவுதானே என்று கேட்டார். பயமாகத்தான் இருந்தது.

"இந்த வேலையை விடுவதாக முடிவு, சார்" என்றேன்.