காகிதத்தில் குளிர்ந்த ஓடை

அலுவலகத்தில் அவரை மாதிரிக்காரர் என்பார்கள். ஆறோ ஓடையோ, எதுவானாலும் கணினிக்குள் அதற்கு ஒரு மாதிரி செய்து, மழை குறைந்தால் என்ன ஆகும், அணை வந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். தலை நரைக்கிற வரைக்கும் இதைத்தான் செய்தார். எத்தனையோ ஓடைகளைப் படைத்தவர், ஒன்றில்கூடக் கால் நனைத்தவரில்லை. தண்ணீர் பட்டால் சளி பிடிக்கிற உடம்பு என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். வீட்டில் மின்விசிறியைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்டால், அது பல காரணிகளைப் பொறுத்தது என்பார். மனைவி எழுந்து போய்த் தானே திருகிக்கொள்வாள்.

ஒரு மின் நிறுவனம், மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றை மறித்து, தண்ணீரைச் சுரங்கத்தில் இறக்கி, மின்சாரம் எடுத்துக்கொண்டு வெகுதூரம் தள்ளி ஆற்றில் விடத் திட்டம் போட்டது. இடையில் கிடக்கும் பழைய ஓடைக்கு மிச்சம் மீதிதான். கொஞ்சத் தண்ணீர் கோடை வெயிலில் சீக்கிரம் சூடாகும் என்பதை அடுப்படியில் நிற்கிற எவரும் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு சூடாகும் என்று சொல்லத்தான் கணினி வேண்டும். அந்தக் கேள்வி மாதிரிக்காரரின் மேசைக்கு வந்தது.

மறிக்கப்போகும் இடத்துக்குக் கீழேதான் அவருடைய அக்காவும் அத்தானும் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இழுத்து, சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் பிழைக்கும் சாதி. சூடு கொஞ்சம் ஏறினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். இன்னும் ஏறினால் மிதக்கும். அடுத்தாற்போல் இன்னொருத்தியின் தொட்டிகள். அவளும் அக்காவும் ஒரே வீட்டுப் பெண்கள்போலப் புழங்கினார்கள்.

முதல் ஓட்டத்தில், போன கோடையில் ஓடையில் அளந்ததைவிட மாதிரி அதிகச் சூட்டைக் காட்டியது. காரணம் எளிது. வெளியே கட்டினால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, அளக்கப் போனவர்கள் வெப்பமானியைப் பாலத்துக்கு அடியில் கட்டியிருந்தார்கள். அங்கே நாள் முழுக்க நிழல். போதாக்குறைக்குப் பாறை இடுக்கிலிருந்து குளிர்ந்த ஊற்று ஒன்றும் அங்கேதான் கசிந்தது. அனுப்பியிருந்த புகைப்படத்தில் எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. வேறொருவராக இருந்தால் வெப்பமானியை மாற்றச் சொல்லியிருப்பார். இவர் ஓடையை மாற்றினார். கரையோர மரநிழலுக்கு மாதிரியில் ஓர் அளவு உண்டு. அளந்த சூட்டின் கோடும் மாதிரியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற வரைக்கும் அதைக் கூட்டிக்கொண்டே போனார். உண்மையில் கரை மொட்டையாகக் கிடந்தது. திட்டத்துக்குச் சாலை போடும்போதே மரங்களை வெட்டித் தள்ளியாகிவிட்டது. கணினிக்குள் மட்டும் வெயில் நுழையாத காடு. அந்தக் காட்டில் எவ்வளவு தண்ணீரை உருவினாலும் ஓடை ஜில்லென்றே ஓடியது.

மேலாளர் அந்தக் கோட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி, இப்படிப் பொருந்தி நான் பார்த்ததே இல்லை என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மனிதன் அறிவதற்கும் வெளியே உண்மையில் இருப்பதற்கும் என்ன உறவு என்று தத்துவ ஞானிகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த அலுவலகத்தில் அது தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துபோயிற்று.

அந்த வார விடுமுறையில் அவர் அக்கா வீட்டுக்குப் போனார். சாப்பாடு போட்டுக்கொண்டே, தண்ணீர் சூடாகுமா ஆகாதா என்று அக்கா கேட்டாள். அவர் காற்றின் ஈரப்பதத்தில் ஆரம்பித்து மேகமூட்டத்துக்கு வந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கதை வேண்டாம்டா. இது உன் தொட்டியா இருந்தா என்ன பண்ணுவ?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வேற ஊத்துலேருந்து குழாய் போட்டுடுவேன்கா. ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத."

"பக்கத்துல இருக்கறவகிட்டயுமா?"

"அவகிட்டதான் முக்கியமா. அவ வாயில எதுவும் நிக்காது. என் வேலைக்கு உலை வச்சுடுவா."

தம்பியின் வேலை ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரியின் பிழைப்பு ஒரு பக்கம். அக்கா தம்பி பக்கம் சாய்ந்தாள். அத்தான் மறுவாரமே மலையின் அந்தப் பக்கத்து ஊற்றிலிருந்து குழாய் இழுக்க ஆரம்பித்தார். எதற்கு என்று பக்கத்துத் தொட்டிக்காரி கேட்டதற்கு, பழைய குழாய் துருப்பிடித்துவிட்டது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லிவிட்டு இருமினார்.

பிறகு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். மாதிரிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, நீலக் கோடுகளைத் திரையில் ஓடவிட்டார். பக்கத்துத் தொட்டிக்காரி எழுந்து, மீனுக்கு ஒன்றும் ஆகாதே என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மாதிரியின்படி குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இராது என்று அவர் பதில் சொன்னார். முன்வரிசையில் இருந்த அக்காவை அவர் பார்க்கவில்லை. தொட்டிக்காரி உட்கார்ந்து அக்காவின் கையைத் தட்டினாள்.

"உன் தம்பியே சொல்லியாச்சு. இனிமே எனக்கென்னக்கா கவலை."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணை மூடிய முதல் கோடையிலேயே பக்கத்துத் தொட்டிகளில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்காவின் தொட்டிகளில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தொட்டிக்காரி அழுதுகொண்டு வரவில்லை, சண்டை போடவும் வரவில்லை. அக்கா வீட்டுப் படியில் நின்று புதுக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்கா, தெரியும் என்றாள். தொட்டிக்காரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றைக்கே அக்கா தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்ததும் அவர், இந்தக் கோடை வழக்கத்தை மீறிய கோடை என்று தொடங்கினார். அக்கா அவரை முடிக்க விடவில்லை.

"இனிமே எனக்குன்னு தனியா எதையும் சொல்லாத. ஊருக்கு என்ன சொல்றியோ, அதையே எனக்கும் சொல்லு."

தொடர்பு அறுந்தது. மாதிரிக்காரருக்கு வருத்தம்தான், அதில் பொய்யில்லை. கூடப் பிறந்தவள் என்று பார்த்து நல்லது செய்யப் போனால் இப்படித்தான் என்று மனைவியிடம் புலம்பினார். அவள் எழுந்து போய் மின்விசிறியைத் திருகினாள். அவர் நடந்ததையெல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்தார். அளவெடுத்தவர்களின் தவறு தெரிந்தது, வெயிலின் தவறு தெரிந்தது, தொட்டிக்காரியின் முன்யோசனைக் குறைவும் தெரிந்தது. தன் பக்கம் ஒரே ஒரு குற்றம்தான் தட்டுப்பட்டது: அன்றைக்கு அக்காவின் சமையலறையில் உண்மையைச் சொன்னது.