கெனோவெஃபா டீச்சரின் நாடாப்புழு

போலந்தின் ராடோம் நகரில் கெனோவெஃபா டீச்சரிடம் உயிரியல் படித்த எவரும் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார்கள். நானும்தான். நீளமான அறிவியல் சொல் எதுவானாலும் அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒன்றாக மேசையில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தின அசைக்குப் பலமான தட்டு. டி.என்.ஏ.வின் முழுப்பெயரில் வரும் டே-ஸோக்-ஸி-ரி-போ-நு-க்லே-இ-நோ-வி மாதிரி. அழுத்தம் இடம் மாறினால் வகுப்பே எழுந்து நின்று முதலிலிருந்து தொடங்கும். எனக்கோ திக்குவாய். என்னால் எல்லோருக்கும் கால் கடுத்தது. "லுட்விகா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு, வகுப்பு சிரித்து ஓயும்வரை காத்திருப்பார்.

கிறிஸ்துமஸ் விருந்தில் கணவர் வாழ்த்துச் சொல்லும்போதுகூட நடுவில் நிறுத்தித் திருத்துவாராம். அந்த மனுஷன் நிம்மதிக்காகத்தான் சீக்கிரம் போய்ச்சேர்ந்தார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் இல்லை.

திக்கித் திக்கியே நான் பேச்சுப் பயிற்சியாளர் ஆனேன். பல வருஷம் கழித்து, பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன டீச்சரை ஆஸ்பத்திரிக்காரர்கள் என் தலையிலேயே கட்டினார்கள். எனக்குப் பாவமாக இல்லை. டீ, வீடு, பூனை என்று படம் காட்டினேன். அட்டைகளை என் முகத்தில் எறிந்தார். ஒருநாள் எரிச்சலில் கரண்டியால் மேசையைத் தட்டினேன். உடனே அவர் இடது கையும் தட்டியது. டே-ஸோக்-ஸி என்று கடைசி அசைவரை பிசகாமல் வந்தது. மனப்பாடம் மட்டும் மூளையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. சொந்தப் பெயர் வரவில்லை.

இதற்குள் அவருடைய தம்பி மகன் இரெனேயுஷ் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அத்தைக்குச் சுயபுத்தி இல்லை என்று தீர்ப்பு வாங்கி, அவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு வீட்டை விற்கத் திட்டம். வரும்போதெல்லாம் பாலாடைக் கேக் கொண்டுவருவான், அவனே தின்பான். ஜன்னலை அளந்துகூடப் பார்த்துவிட்டான்.

நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒருநாள், நீதிபதி அம்மாள் ஒரு டாக்டரோடு டீச்சர் வீட்டுக்கே வந்தார். பெயர் கேட்டார். டீச்சரின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கிழமை கேட்டார். அதுவும் இல்லை. "அத்தைக்கு இனிமே எதுவும் புரியாதுங்க" என்று இரெனேயுஷ் பெருமூச்சு விட்டான்.

நீதிபதி அவனைக் காட்டினார். "இவர் யாருன்னு தெரியுதா?"

டீச்சர் கேக் தட்டிலிருந்த கரண்டியை இடது கையால் எடுத்தார். அவனையே பார்த்துக்கொண்டு தட்டினார். "தா-ஷே-மியெட்ஸ் நியே-உஸ்-ப்ரோ-யோ-நி."

கொக்கியில்லாத நாடாப்புழு. அடுத்தவர் குடலில் உட்கார்ந்து, வேலை செய்யாமலே நீளமாக வளர்கிற ஜந்து. போலந்தில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் தெரியும். டாக்டர் இருமினார். இரெனேயுஷுக்குக் காது சிவந்தது.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் காட்டினார். "அப்ப இவங்க?"

டீச்சர் என்னை வெகுநேரம் பார்த்தார். மூன்று தட்டு, நடுவில் பலமாக. "லுட்-வி-கா."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் மனிதப் பெயர் அது. அவர் மறுபடியும் கரண்டியைத் தூக்கினார்.

"கொழுக்கட்டை" என்றார்.

இவ்வளவு நினைவிருப்பவருக்கா சுயபுத்தி இல்லை என்று நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். இரெனேயுஷ் மீதிக் கேக்கையும் எடுத்துக்கொண்டு போனான். டீச்சரை எனக்கு இன்றும் பிடிக்காது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் பயிற்சிக்குப் போக வேண்டும்.