பெரியம்மா மகள்கள்

"புருஷனை வுட்டுட்டு ஓடியாந்த பொம்பளைங்களை வூட்டுல வெச்சுக்கிட்டு கொளஞ்சி என்னமோ பண்றாளாம்டி. விருத்தாசலம் பஸ்ஸுல பேசிக்கிட்டாங்கன்னு சுமதி சொன்னா."

வியாழக்கிழமை அம்மா போனில் சொன்னது இது. பஸ்ஸில் யாரோ பேசியது, பக்கத்து வீட்டுச் சுமதி வழியாக அம்மாவுக்குப் போய், கடல் தாண்டிச் சார்ஜாவுக்கும் வந்துவிட்டது.

கொளஞ்சி அக்கா ஜெயங்கொண்டத்துக்கு வெளியே முந்திரி உடைக்கும் ஷெட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் ஏறி உள்ளங்கை இரண்டும் கறுத்திருக்கும். குழந்தைகளைப் புறங்கையால்தான் தடவுவார்.

புருஷன் விறகுக் கட்டையால் அடித்த மறுநாள், இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறியவர் அவர். பஸ் ஸ்டாண்டில் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போனால், மறுநாளே பழத்தட்டோடு கொண்டுவந்து புருஷன் வீட்டில் விட்டுவிடுவான். வேறு போக்கிடம் தெரியாமல் சாயங்காலம் திரும்பிவிட்டார். கேட்டவர்களிடம் கோயிலுக்குப் போனதாகச் சொன்னார். புருஷன் செத்த பிறகுதான் அந்த வீடு அவர் வீடாயிற்று. பின்னறை, தன்னைப்போல் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு.

யார் கேட்டாலும் "எங்க பெரியம்மா மவ" என்பார். ஷெட்டு மேஸ்திரி வைத்திலிங்கம் ஒருநாள் மடக்கினாராம்.

"ஏம்மா கொளஞ்சி, ஒங்க பெரியம்மா மொத்தம் எத்தனைதான் பெத்தாங்க?"

"மவராசி இன்னும் நிறுத்தலீங்க. அடுத்ததுக்கு நீங்கதான் பேரு வெக்கணும்."

கடைசியாக வந்த பெரியம்மா மகள், என்னோடு பள்ளியில் படித்த பானுப்ரியா. தாடை வீங்கிய முகத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான்தான் அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். மகளோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று என் பதற்றத்தைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "இங்க இருக்கறது ஒரு ரூமு, ஒரு தாப்பா. அவ்ளோதான் தங்கச்சி. இந்த மாதிரி பொம்பளைங்க தங்கறதுக்கு ஹோமு இருக்கான்னு கலெக்டர் ஆபீசுல போயி கேட்டேன், திருச்சியில எடம் பாக்கலாம்னாங்க. திருச்சிக்குப் போனா புள்ள பள்ளிக்கூடம் என்னாவறது? இவ வேலைக்கு எங்க போவா? வாசல்ல வாட்ச்மேன் போட்டு, நம்ம பக்கத்துலயே ஒரு எடம் வேணும். அது வர்ற வரைக்கும் வாய்தான் பூட்டு. ஒங்கம்மாகிட்டக்கூட சொல்லிடாத."

பிறகு இதையும் சொன்னார்: "நீ கூப்புட்டா போனு மூணு தடவ மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துருவேன். எடுக்கலன்னா, வாசல்ல ஆளு நிக்குதுன்னு வெச்சுக்க."

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அந்தப் பஸ் பேச்சைச் சொன்னபோதுதான் பொறுக்கவில்லை.

"அசிங்கமா பேசாதம்மா. அங்க இருக்கறது நம்ம பானு. அவ வூட்டுக்காரன் அடிச்ச அடியில..."

"பானுவா?" என்றார் அம்மா.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சினேன். "நான் ஏண்டி சொல்றேன்" என்றார்.

இன்று ஞாயிறு. காலையில் அவராகவே அழைத்தார். குரலில் ஒரு நிறைவு.

"நேத்து கல்லங்குறிச்சி கோயில்ல பானு அம்மாவைப் பாத்தேன். பொண்ணு உசுரோட இருக்காளான்னே தெரியலன்னு அழுவறா. பெத்த வயிறு இல்லையா, சொல்லிட்டேன். அவங்க மாப்ளைகிட்ட சொல்ல, அவரு வேன் வெச்சு நாலு பெரிய மனுசங்களோட கெளம்பிட்டாராம். சண்டைக்கு இல்லடி. பழத்தட்டோடதான் போறாங்க. சேத்து வெச்சா நமக்குப் புண்ணியம்தான?"

"அம்மா, ஒடனே போலீசுக்குச் சொல்லு" என்று கத்தினேன்.

"சமாதானத்துக்குப் போறவங்க மேல எதுக்குடி போலீசு?" போனை வைத்துவிட்டார்.

அம்மா கெட்டவர் இல்லை. பானுவின் அம்மாவும் இல்லை. அடிபட்டு வெளியே வந்தவளை, "கோவிச்சுக்கிட்டு வந்திருக்கா" என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். கோபம் என்று பேர் வைத்துவிட்டால், ஆற்றுவதற்குப் பழத்தட்டு போதும். நான்கு ஆப்பிளும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தூக்கி வருகிறவர்களை அந்த ஒற்றைத் தாழ்ப்பாள் எப்படித் தடுக்கும்?

பானு பழைய சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டாள். கொளஞ்சி அக்காவின் நம்பரைத்தான் அழைத்தேன்.

ஒரு மணி. இரண்டு. மூன்று.

நான்காவது அடிக்கிறது.