இறக்கக்கண்டிக் களப்பில் ஒரு தோணி

இறக்கக்கண்டிப் பாலத்துக்குக் கீழே, கடலோடு சேரும் களப்பின் கரையில் நிற்கிறேன். போன வருடம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழும்பினால் செய்யவேண்டும் என்று ஐந்து சின்ன ஆசைகளை இடது கையால் கொப்பியில் எழுதினேன். மூன்றாவது ஆசை, தனியாகத் தோணி வலித்து ஒரு களப்பைக் கடப்பது.

தோணிக்காரர் நசீர் என் மெலிந்த வலது கையைப் பார்க்கிறார்.

“தனிய ஏலாது அக்கா. நானும் ஏறுறன்.”

“அப்பிடியெண்டா நீங்கள் கடந்ததாத்தான் இருக்கும், தம்பி.”

அவர் சிரித்துவிட்டு, என்னை மட்டும் ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீர் வரை தோணியைத் தள்ளிவிடுகிறார். இரண்டு துடுப்புகளையும் பிடிக்கிறேன். வலது கைக்குப் பலம் போதாமல் தோணி ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது. இறாலுக்கு வலை வீசுகிறவர்கள் வேலையை விட்டுப் பார்க்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. இடது கையை மெதுவாக்கி, வலது கை வந்து சேரும்வரை காத்திருந்து வலிக்கிறேன். தோணி நேராகிறது. வெகுநேரத்துக்குப் பிறகு அதன் மூக்கு அக்கரை மணலில் ஏறுகிறது.

“நான் வந்து கூட்டிக்கொண்டு வரட்டே?” நசீர் கத்துகிறார்.

திரும்பி வருவதைப் பற்றிக் கொப்பியில் நான் எழுதவேயில்லை.

“வேண்டாம் தம்பி, நானே வாறன்!” என்று கத்திவிட்டு, துடுப்பால் மணலை உந்துகிறேன்.