பால் வெள்ளை ஃப்ரேமும் என் வயிற்றெரிச்சலும்

அந்தச் சைக்கிள் ஃப்ரேமைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காக வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்தக்கடை டீக்கடை முன்னால், என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அதை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். பால் வெள்ளை நிறம். ஒல்லியான குழாய்கள். மேல் குழாய், கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தாற்போல அவ்வளவு நேர். என் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை போய்த் திரும்பும் சிறு கூட்டம் எங்களுடையது. எல்லாரிடமும் இருப்பது ஃபிக்ஸி என்று சொல்லப்படும் சைக்கிள். அதில் கியர் கிடையாது, பெடல் பின்சக்கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் கால் சுற்றியாக வேண்டும். இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டு ஒய்யாரமாக உட்கார்ந்து வர முடியாது. வேகத்தை அடக்குவதும் பெரும்பாலும் கால்தான், அந்த இழுபறி முழுவதையும் ஃப்ரேம்தான் தாங்க வேண்டும். எங்களில் யாரும் பெரிய வசதிக்காரர்கள் இல்லை. மலிவு ஃப்ரேம்களில் நல்லதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, மற்ற பாகங்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஓட்டுகிறவர்கள். அப்படித் தேடிப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பேர். யார் புதிதாக ஃப்ரேம் வாங்கினாலும் முதலில் என்னிடம் கொண்டுவருவார்கள்.

நான் பார்க்கிற முறையும் ஊரறிந்தது. வெல்டிங்கில்தான் தொடங்குவேன். அது மீன் செதிலாக வரிசையாக அடுக்கியிருக்க வேண்டும், கட்டி கட்டியாக இருந்தால் செய்தவன் அவசரப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம். பின்சக்கரம் உட்காரும் இரண்டு காடிகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். ஒரு காடியிலிருந்து நூலைக் கட்டி, ஹேண்டில்பார் இறங்கும் கழுத்தைச் சுற்றி மறு காடிக்குக் கொண்டுவந்து, நடுக்குழாயிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று அளப்பேன். கடைசியாக விரல் முட்டியால் தட்டிக் கேட்பேன். நண்பனுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம், மாடு வளர்க்கிற குடும்பம். மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று கிண்டல் செய்வான்.

இத்தனை வித்தை தெரிந்த நான் எனக்கென்று வாங்கிய ஃப்ரேமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்காக இணையத்தில் கிடந்தேன். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு உலோகக் கலவையைப் பற்றிச் சண்டை போட்டேன். கடைசியில் வந்து சேர்ந்தது பாசிப் பச்சையில் ஒரு முரட்டு வஸ்து. கோணல் ஏதும் இல்லை, உறுதிக்கும் குறைவில்லை. ஆனால் மூட்டுக்கு மூட்டு வெல்டிங் புடைத்துக்கொண்டிருந்தது. படத்தில் மெலிதாகத் தெரிந்த குழாய்கள் நேரில் தண்ணீர்க் குழாய் தடிமனில் இருந்தன. நல்ல ஃப்ரேம் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லவில்லை.

நண்பன் அந்த வெள்ளையை எப்படி வாங்கினானாம்? சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது போனில் படத்தைப் பார்த்தானாம், பிடித்திருந்ததாம், ஆர்டர் போட்டுவிட்டானாம். ஒரு வரி படிக்கவில்லை. நான் கொடுத்த விலைக்குச் சற்றுக் குறைவாகவே முடித்திருக்கிறான். அவன் மோட்டார் பம்ப்செட் கடை வைத்திருக்கிறவன், ஃப்ரேமைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அந்த அநியாயம்தான் என்னால் பொறுக்க முடியாதது.

அன்று காலையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன். நூல் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. காடிகள் நேர். வெல்டிங் இருக்கிற இடமே தெரியாத அளவுக்கு வழவழப்பு. வேறு வழியில்லாமல் பெயின்ட் கொஞ்சம் கனமாக அடித்திருக்கிறார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மேலூர் பேருந்து நிலையத்துப் பக்கம் நாங்கள் டீ குடிக்க நின்றபோது, போகிற வருகிறவர்கள் அந்த வெள்ளையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், கொஞ்சம் மறைக்கிறது என்று சொல்லி என் பச்சையைத் தள்ளி வைத்தார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவன் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து போனதும் என் மனைவி வாசலிலேயே நின்று, "அண்ணன் வண்டி எம்புட்டு லட்சணமா இருக்கு. நீங்களும் அது மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?" என்றாள். நான் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அன்று மாலை திருத்திய தாள்களில் தாராளமாகச் சிவப்பு விழுந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் ஒரு குறை கண்டுபிடித்தேன். முன்சக்கரம் கால்விரலுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது என்றேன். செயின் சத்தம் சரியில்லை என்றேன். வெள்ளை நிறம் மதுரை வெயிலுக்கு மஞ்சளித்துவிடும் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. நான் வாயைத் திறந்தாலே யாராவது காதில் புகை வருவதாகச் சைகை காட்டுவார்கள். கொஞ்ச நாளில், புது ஃப்ரேம் வாங்குகிறவர்கள் என்னிடம் கொண்டுவருவதும் நின்றது. என் கண் பட்டுவிடும் என்று பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் வழிபாடு மாதா கோயிலில்தான், அதனால் என் பச்சை எப்போதும் வெறுமனேதான் நிற்கும். அவன் வீட்டில் அப்படி இல்லை. பொங்கலுக்குக் காளைக்குப் பொட்டு வைக்கிற அக்கறையோடு, சந்தனத்தையும் குங்குமத்தையும் நீர்க்கக் குழைத்து, சைக்கிளுக்கு மூட்டுக்கு மூட்டு வைத்துவிட்டார்கள். மறு ஞாயிறு வரைக்கும் அப்படியே ஓட்டினான். அப்புறம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தான். எல்லாப் பொட்டும் போய்விட்டது, ஒன்று மட்டும் சரியாகப் போகவில்லை. கழுத்துக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாய் வந்து ஒட்டுகிற இடத்தின் அடிப்புறத்தில், முடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் தரையில் குந்தி அண்ணாந்து பார்க்க வேண்டும், அப்படிப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன், போனது. மேலூர் போய்த் திரும்பியதும் மறுபடி பார்த்தேன், கோடு திரும்ப வந்திருந்தது. மேலே ஒட்டிய கறையென்றால் துடைத்த பிறகு திரும்ப வராது. உள்ளே இறங்கிய குங்குமம் வியர்வையிலும் அதிர்விலும் கசிந்து வெளியே வருகிறது. அப்படியென்றால் குங்குமம் இறங்குகிற அளவுக்கு அங்கே ஒரு வாய் இருக்கிறது. ஃப்ரேமில் விரிசல்.

என் முதல் உணர்ச்சி சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை மாதம் தேடியது கிடைத்துவிட்டது. அடுத்த நிமிடமே அவன் ஓட்டுகிற வேகம் நினைவுக்கு வந்தது. அவன் நான்கு வழிச்சாலைப் பாலத்து இறக்கத்தில் கால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற வருகிறவன். பக்கத்தில் கிரானைட் லாரிகள் வரும். அந்த மூட்டு அங்கே விட்டுப்போனால் முன்சக்கரம் தனியாகப் போய்விடும். அவன் தார்ரோட்டில் முகம் குப்புற விழுவான்.

சொன்னேன். ஒரு கூட்டமே சிரித்தது. குங்குமக் கறை வெள்ளையில் லேசில் போகாது, வேட்டியைப் பார்த்ததில்லையா என்று ஒருவர் எனக்கு விளக்கினார். நண்பன் மட்டும் சிரிக்காமல் என் தோளில் கை போட்டான்.

"மாப்ள, இது வெறும் வயித்தெரிச்சல். ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும்னு ஆசையா இருந்தா வாய விட்டுக் கேளு. நான் தரமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஆனால் அவனை அந்த வண்டியிலிருந்து இறக்க வேறு வழியும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு, ஆமாம், ஆசையாகத்தான் இருக்கிறது, இன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சாவியே இல்லாத வண்டிக்குச் சாவி கொடுப்பதுபோல அவன் கையை நீட்டி ஒப்படைத்தான். மற்றவர்கள் விசில் அடித்தார்கள். அவனைக் காப்பாற்றத்தான் ஏறினேனா, ஓட்டிப் பார்க்கத்தான் ஏறினேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். எதற்கு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

சொல்லக் கேவலம்தான், அந்தச் சைக்கிள் எவ்வளவு நன்றாக இருந்தது. சர்வீஸ் ரோட்டின் ஓரமாக, பயந்து பயந்து, நடக்கிறவரைத் தாண்டும் வேகத்தில்தான் போனேன். அதிலும்கூட மிதித்தது மிதித்தபடி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவனோ என் முரட்டுப் பச்சையில் எனக்கு எவ்வளவோ முன்னால் போய்க்கொண்டிருந்தான். என்னிடம் ஒரு நாளும் அப்படிப் போகாத வண்டி. அதற்கும் வயிறு எரிந்தது.

மேலூர் போய்த் திரும்புகிற வழியில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். டிக் என்று ஒரு சத்தம். கையில் ஹேண்டில்பார் ரப்பர்போலக் குழைந்தது. பெடலை அழுத்திப் பிடித்து நிறுத்தி, இறங்கிக் குந்திப் பார்த்தேன். முடி கனத்தில் இருந்த கோடு நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து, குழாயைப் பாதிச் சுற்றுக்கு வந்திருந்தது. முன்னால் போனவர்களுக்குப் போன் செய்தேன், திரும்பி வந்து சுற்றி நின்றார்கள்.

சரி, இப்போதாவது என் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் நிதானமாகச் சொன்னார். "நான் அன்னைக்கே நெனச்சேன்ணே. இம்புட்டுக் கண்ணு வச்சா இரும்புகூடத் தாங்காது." மற்றவர்களும் தலையாட்டினார்கள். கணக்கு வாத்தியார் உட்கார்ந்ததும் உடைந்தது என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று அந்த வெயிலில் நின்று பேசினார்கள்.

நண்பன் பிளவில் விரலை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவன் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மினி ஆட்டோ பிடித்து வெள்ளையை ஏற்றிக்கொண்டு ஒத்தக்கடை வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் போன பிறகு அவன் சொன்னான்.

"நீ வயித்தெரிச்சல்ல சொல்றன்னு நெனச்சேன்டா."

"வயித்தெரிச்சல்தான். அதனாலதான் அம்புட்டு உத்துப் பார்த்தேன்."

அவன் என் பச்சையை எனக்குத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு சில வாரம் அவன் ஓட்ட வரவில்லை. கூட்டத்தில் என்னோடு நெருங்கி ஓட்டவே தயங்கினார்கள். என் பார்வைக்கு முன்னால் புது டயரைக்கூட யாரும் காட்டவில்லை. அவனும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் பைக் நிற்கும் சத்தம். அவன் பின்னால் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அடுத்த ஃப்ரேம். பெட்டி மேல் ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மனைவியிடம் காட்டவில்லை, பொட்டு வைக்கவில்லை. கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தான்.

"இத ஒன்னயத் தவிர யாருட்டயும் காட்டமாட்டேன். வயிறு எரிய எரியப் பாரு மாப்ள."

பிரித்தேன். கருநீலம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் தடவினேன். நூல் கட்டினேன். காடிகளை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தேன். தட்டிக் கேட்டேன். அவன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் வரை தேடிவிட்டு, ஓட்டு என்றேன். ஒரு குறையும் இல்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.