குடை போட்ட கோப்பை

பொங்கலுக்கு முன்னால் மகள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். சுண்ணாம்பில் கலப்பதற்கு நீலம் கரைத்துக்கொண்டிருந்தான். கரைக்க அவன் எடுத்தது பரணிலிருந்து இறங்கிய ஒரு பழைய பீங்கான் கோப்பை. காது உடைந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“பெரியவரே, இதுல போட்டிருக்கறது என்னா, காளானா?”

“குடை” என்றேன்.

“காளான் மாதிரிதான் இருக்குது.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வரைந்தது நான்.

நனைந்த சுண்ணாம்புக்கு ஒரு வாசனை உண்டு. நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அச்சு வார்க்கும் கொட்டகைக்குள் போனால் கிட்டத்தட்ட அதே வாசனைதான் வரும், இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக. அந்த வாசனை வந்தால் எனக்கு அப்போது குடியிருந்த தெரு ஞாபகம் வந்துவிடும். வராமல் இருந்தால் நல்லது. அந்தத் தெரு மனிதர்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன். அகப்படவில்லை.

அப்போது எனக்குச் சூளையில் வேலை. காய்ந்த, இன்னும் சுடாத பச்சைப் பொருட்களை மண் பெட்டிகளில் வைத்து, பெட்டி மேல் பெட்டியாக உள்ளே அடுக்க வேண்டும். பேச்சுக்கு வேலையில்லாத வேலை. எனக்குப் பொருந்தியது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியில் இடம் மிஞ்சினால் வீட்டுக்கு வேண்டியதை நாமே செய்து அதில் வைத்துக்கொள்ளலாம். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். கல்யாணம் என்றால் பெண், மாப்பிள்ளை பேரை நீலத்தில் எழுதிக் கோப்பை சுட்டுக் கொடுப்போம். எழுத்துக்கு மேலே பளபளப்பு ஏற்றிச் சுட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் அழியாது. எங்கள் தெருவில் ஒருவனுடைய பெண்சாதி அவனை விட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறமும் அவன் அவள் பேர் போட்ட கோப்பையில்தான் டீ குடித்தான். கேட்டால், “சுட்டாச்சு, இனிமே என்னா பண்றது” என்பான். இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் வேண்டியிருக்கும்.

தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம். அஞ்சாவது வரைக்கும். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. அஞ்சாவதுக்கு மேலே படிக்க வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்டி, ஆற்றையும் தாண்டிப் போக வேண்டும். ஆண் பிள்ளைகள் போனார்கள். பெண் பிள்ளைகள் நின்றார்கள். என் மகள் செல்வி அப்போது மூணாவது. சிலேட்டை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரியும். அதை நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு இருந்த எண்ணம். நான் அஞ்சாவதோடு நின்றவன். அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தை எட்டாவது வரைக்கும் உயர்த்துகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. செங்கல் கூட வந்து இறங்கியது. அப்புறம் பணம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரர்தான். ஆனாலும் சட்டசபையில் எழுந்து, பள்ளிக்கூடத்துப் பணத்தில் கை வைக்காதீர்கள் என்று தன் கட்சி மந்திரியையே கேட்டார். பேப்பரில் வந்தது. முடிவெட்டும் கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்ததோடு சரி.

அடுத்த தேர்தலில் அவருக்கு சீட்டு கிடையாது என்று பேச்சு வந்தது. ஒருநாள் அவரே பஸ்ஸில் வந்து இறங்கி, கம்பெனி வாசல் டீக்கடையில் உட்கார்ந்தார். நான் போய் நின்றேன். ஏன் நின்றேன் என்றால் வேறு யாரும் நிற்கவில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழம மந்திரி வராரு. பயணியர் விடுதியில தங்குவாரு. உங்க தெரு சனம் வந்து ஸ்கூலு வேணும்னு நின்னா, நான் ஒத்த ஆளு இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். கூட்டிட்டு வர முடியுமாங்க?” என்றார். என்னைப் போய் ‘ங்க’ போட்டுப் பேசிய அரசியல்வாதி அவர் ஒருவர்தான்.

வீடு வீடாகப் போனேன். பேசத் தெரியாதவன் ஆள் திரட்டப் போனால் எப்படி இருக்கும்? போய் நிற்பேன். “ஸ்கூலுக்காக ஞாயித்துக்கெழம வரணும்” என்பேன். அவ்வளவுதான் என் பிரசங்கம்.

கம்பெனியில் ஆஜர் எழுதும் டைம் ஆபீஸ் சம்பந்தம் தெருவில் பெரிய மனுஷன். பேண்ட் போடுவார். “எம் பையன் கான்வென்ட்டுல படிக்கிறான்ப்பா. எனக்கும் அதுக்கும் என்னா இருக்குது?” என்றார். அவர் எழுத்து கற்றதே அந்த வேப்பமரத்தடியில்தான். மளிகைக்கடைக்காரர், “பொட்டப் புள்ளைவ எட்டாவது படிச்சி என்னா பண்ணப் போவுது, அஞ்சே சாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் புளியைப் பொட்டலம் கட்டினார். இன்னொருவன் கூலி போய்விடும் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதுடா கூலி என்றேன். யோசித்துவிட்டு, “இருந்தாலும்” என்றான்.

அடுத்த வீட்டுக் கன்னியம்மா பொம்மைக்குச் சாயம் பூசும் பிரிவில் இருந்தது. அது மட்டும், “நீ கூப்புட்டா வரேண்ணே. ஆனா எங்க வூட்டுக்காரரு சும்மா எதுக்குடி போறன்னு கேப்பாரு” என்றது.

என்னோடு சூளையில் அடுக்கும் ராஜமாணிக்கத்திடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“யோவ், சும்மா கூப்புட்டா சாமி பொறப்பாட்டுக்கே வரமாட்டானுவ. சுண்டலு குடுக்கறதாலதான் சாமிக்கே கூட்டம். எதனா குடு.”

எதைக் கொடுப்பது? எங்களிடம் இருந்தது மண்ணும் நெருப்பும்தான். அந்த வாரம் பெட்டியில் மிஞ்சிய இடத்தில் எல்லாம் கோப்பை வைத்தோம். எம்.எல்.ஏ.வின் கட்சிச் சின்னம் குடை. கன்னியம்மா நீலத்தில் வரைந்தது. ஒரு வளைவு, ஒரு தண்டு, ஒரு கொக்கி. அது கை ஓயும்போது நானும் வரைந்தேன். காளானெல்லாம் என்னுடையது. வந்தால் அந்தக் கோப்பையில் டீ, கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லி அனுப்பினோம்.

பள்ளிக்கூடத்துக்கு வராத தெரு கோப்பைக்கு வந்தது. முதல் ஆளாக நின்றவர் சம்பந்தம். “வூட்டுல ரெண்டு பேருப்பா” என்று இன்னொன்று கேட்டு வாங்கினார். மந்திரி விடுதியிலிருந்து வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார். “பார்க்கலாம்” என்றார். எம்.எல்.ஏ. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பாதிப் பேர் கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியவில்லை. தன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அழியாதுங்களா?”

“அழியாதுங்க” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தேர்தல் வந்தது. பேச்சு வந்தபடியே அவருக்கு சீட்டு இல்லை. கட்சி ஒரு லாரிக்காரரை நிறுத்தியது. குடை அவருக்குப் போனது. ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கார் பள்ளிக்கூடம் எட்டாவது ஆனால் அவருக்குத்தான் நஷ்டம். எம்.எல்.ஏ. சுயேச்சையாக நின்றார். கொடுத்த சின்னம் சைக்கிள்.

நான் மறுபடியும் வீடு வீடாகப் போனேன். “கொடை இல்ல. சைக்கிளு” என்றேன். பிரசங்கம் இன்னும் சுருங்கிவிட்டது. எல்லோரும் “தெரியும் தெரியும்” என்றார்கள். தெரியும் என்று சொல்லிக்கொண்டே குடை போட்ட கோப்பையில் டீ குடித்தார்கள்.

லாரிக்காரர் ஓட்டுக் கேட்டுத் தெருவுக்குள் வந்தார். சம்பந்தம் அவரைக் கூப்பிட்டு, அந்தக் கோப்பையிலேயே டீ கொடுத்தார். லாரிக்காரர் குடையைப் பார்த்தார். அடுத்த வீட்டிலும் பார்த்தார். அதற்கடுத்த வீட்டிலும். மைக்கை வாங்கி, “நம்ம சின்னத்த நெருப்புல போட்டு எடுத்து வெச்சிருக்கற தெருங்க இது. இந்த விசுவாசத்த மறக்கமாட்டேன்” என்றார். தெரு கை தட்டியது. எதற்காகச் சுட்ட கோப்பை என்று ஒரு வாய் திறக்கவில்லை. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மைக்குக்கு எதிராகப் பேச எனக்கு எங்கே வரும்?

“எல்லாத்தையும் வாங்கி ஒடச்சிப்புடலாமா?” என்றான் ராஜமாணிக்கம். கேட்டுப் பார்த்தோம். கன்னியம்மாவே, “நல்ல கப்புண்ணே, எதுக்கு?” என்றது. மளிகைக்காரர், வேறு கோப்பை கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள் என்றார். என் வீட்டில் இருந்த இரண்டில் ஒன்றை வாசற்படியில் போட்டு உடைத்தேன். இன்னொன்றைக் காணவில்லை. என் மனைவி அஞ்சலை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.

ஓட்டுப் போடும் நாள் வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடம்தான். எந்தக் கட்டடத்துக்காக அலைந்தேனோ அந்தக் கட்டடத்துக்குள்ளேயே. கன்னியம்மா விரல் மையை ஊதிக்கொண்டு வெளியே வந்தது. சந்தோஷமாக இருந்தது.

“நம்ம ஆளுக்குக் குத்திட்டேண்ணே.”

“சைக்கிளுக்குத்தான?”

“கொடைக்கு.”

“கொடை இல்லன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

“நீ சொன்னண்ணே. அதுக்குன்னு சுட்டத மாத்திக்க முடியுமா? எங் கையால வரஞ்சி, நீ சூளையில வெச்சி எடுத்தது. உள்ள ஓட்டுச்சீட்டுல சைக்கிளும் இருந்துச்சி, கொடையும் இருந்துச்சி. சைக்கிள யாரு சுட்டா? வாயால சொல்றது இன்னைக்கி ஒண்ணு நாளைக்கி ஒண்ணு.”

அதன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சம்பந்தம் தெரிந்தே குத்தினார். அவரை வெறுத்துவிட்டுப் போய்விடலாம். கன்னியம்மாவை என்ன செய்வது? அன்றைக்கு வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் அதே கணக்கைத்தான் சொன்னார்கள். சூளையில் வேலை செய்தவன் சுடாததை நம்பமாட்டான். வீட்டுக்கு வந்து, எதற்குக் குத்தினாய் என்று அஞ்சலையைக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தும் வருஷமாகிறது.

எம்.எல்.ஏ. தோற்றார். ஒரு வாரம் கழித்து நடந்து வந்தார். எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு கோப்பைதான். அஞ்சலை அதிலேயே டீ கொடுத்துவிட்டாள். குடையைப் பார்த்தார். குடித்து முடித்தார்.

“நல்லாத்தான் சுட்டிருக்கீங்க” என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு இறங்கிய செங்கல் ஒவ்வொன்றாகப் போனது. சம்பந்தம் வீட்டுக் குளியலறை அந்தச் செங்கல்தான். செல்வி அஞ்சாவது முடித்தது. ஆற்றைத் தாண்டி அனுப்ப அஞ்சலை ஒத்துக்கொள்ளவில்லை. என் பேச்சுதான் உங்களுக்குத் தெரியுமே. செல்வி கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் வைக்கப் போனது. சுத்தமாக வைக்கும். எல்லோரும் மெச்சினார்கள். மெச்சுவதற்குச் செலவில்லை.

வெள்ளையடிக்க வந்தவன் போன பிறகு செல்வி கோப்பையைக் கழுவியது. கரைத்த நீலம் போனது. குடை போகவில்லை. “எடுத்துப் போட்டுடட்டாப்பா?” என்று கேட்டது. “இருக்கட்டும்” என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பிள்ளைகள் இல்லை என்று மூடினார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் வேனில் லாரிக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றன. வேப்பமரமும் இல்லை. அதில் தொங்கிய தண்டவாளத் துண்டை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. இரும்பு. எடைக்குப் போயிருக்கும். இந்தக் கோப்பையை எடைக்குக்கூட எவனும் எடுக்கமாட்டான்.